கீழே செய்த சோலார் மேலே வெடித்த கதை

நீலகிரியின் தொழில் வளர்ச்சிக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டியில் இருபது வருடமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். பசுமைக் கட்டடம், சோலார் என்று நீங்கள் மேடைதோறும் பேசுவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

கூரைக்கு வெள்ளை பெயின்ட், வெயில் படாத ஜன்னல், ஏசி செலவு மிச்சம் என்பதெல்லாம் கோவைக்குச் சரி. 2,240 மீட்டர் உயரத்தில் எத்தனை வீட்டில் ஏசி ஓடுகிறது? இங்கே கரண்ட் பில்லை ஏற்றுவது கீசரும் ரூம் ஹீட்டரும்தான். மத்திய அரசு 2024இல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அது கூரை மின்சாரத்துக்கு. சோலார் வெந்நீருக்கு இல்லை. மலைக்காரனுக்கு முதல் தேவையே வெந்நீர்தானே?

ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் நான் கட்டிய ஒரு வீட்டில், கீழே சமவெளியிலிருந்து வந்தவர்கள் பிளேட் மாடல் (தட்டையான பலகை போன்றது, உள்ளே செம்புக் குழாயில் தண்ணீர் ஓடும்) சோலார் வெந்நீர் ஹீட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். ஜனவரியில் மேகமே இல்லாத ஒரு ராத்திரி. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளை. வெயில் ஏறியதும் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. உள்ளேயிருந்த நீர் உறைந்து விரிந்ததில் செம்புக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. அந்த வீட்டம்மா இன்றைக்கும் சோலார் என்றாலே வேண்டாம் என்கிறார். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் மாடலோ, உறையாத திரவம் ஓடும் மாடலோ மாட்டியிருந்தால் இது நடந்திருக்காது. அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை, நானும்தான். அப்போது எனக்கே தெரியாது.

சுவரும் அப்படித்தான். பழைய பங்களாக்களில் தகரக் கூரைக்கும் பலகை சீலிங்குக்கும் நடுவே உள்ள காற்று சூட்டைப் பிடித்து வைக்கும். இப்போது எல்லாம் காங்கிரீட் பெட்டி. ஜூலை மழையில் சுவர் வியர்க்கிறது, பீரோவில் துணி பூஞ்சை பிடிக்கிறது, அப்புறம் அதைக் காய வைக்க ஹீட்டர். தெற்கே பார்த்த பெரிய ஜன்னலும் கூரைக்கடியில் ஒரு அடுக்குத் தெர்மாகோலும் பாதிக் குளிரைக் குறைத்துவிடும் என்பது என் அனுபவம்.

தேயிலை ஃபேக்டரிகளையும் மறக்காதீர்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை இலை. அந்த ஈரத்தை விரட்டத்தான் விறகு எரிகிறது. பச்சை இலையை வாட்டும் தொட்டிக்குப் போகும் காற்றைக் கூரையிலேயே வெயிலில் சூடாக்கினால் விறகு கணிசமாக மிச்சமாகும்.

1932இல் தொடங்கிய நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் இறங்கிய பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. மலை தந்தது அது. இப்போது மலைக்கு ஏற்றதை மலையிலேயே கற்றுக்கொடுங்கள். முதலில் எங்கள் மேஸ்திரிகளுக்கும் பிளம்பர்களுக்கும் ஒரு வாரப் பயிற்சி வையுங்கள். பிளந்த அந்தக் குழாயைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் வகுப்புக்கு நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ஊட்டியிலிருந்து ஒரு கட்டடக்காரன்