ஃப்ரிட்ஜ் இன்னும் வாங்கவில்லை

சயான் கோலிவாடா,
மும்பை

அன்புள்ள தம்பி பாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நல்லபடி இருக்கிறோம். ஃபோனில் பேச்சை எடுத்தால் "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரே தடவையில் படிக்க முடியாவிட்டால் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு படி. ஆனால் முழுதும் படி.

நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் இன்னும் வாங்கவில்லை. பழையதே ஓடுகிறது, இந்த வருஷம் தாங்கும். பணத்தைத் தொடவில்லை, அப்படியே பேங்கில் இருக்கிறது. அது உன் பெயரில் வரவில்லை. யாரோ ஒருவர் பெயரில் வந்தது, அடுத்த தடவை வேறொருவர் பெயரில். ஃப்ரெண்டோட அக்கவுண்ட் என்றாய். சரி. அப்பா பாஸ்புக் பதிந்துவிட்டு வந்து இவர்கள் யார் என்று கேட்டார். பாலுவின் ஃப்ரெண்டுகள் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அப்பா மறுபடி கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

கணபதி லீவுக்குக் கார்த்தி வந்திருந்தான். நன்றாக வளர்ந்துவிட்டான், மீசை வந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஃபோனில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கி ஆட்டம்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன், உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேனே, அதுபோல. பேச்சோடு பேச்சாக, "அத்தான் இப்ப பெரிய ஆளு அத்தை, பசங்க எல்லாம் அவர்கிட்டதான் கீ வாங்குறாங்க" என்றான். என்ன கீ என்றேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அப்புறம் மெதுவாகக் கேட்டேன். பொதுவாக அந்த விஷயம் என்ன என்று மட்டும் சொன்னான். லோடர் என்று ஒன்றாம், ஆட்டத்தில் ஏமாற்றுகிற ஹேக்கை ஃபோனில் ஏற்றுகிற புரோகிராமாம். அதைத் திறக்க ஒரு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு என்று கீ விற்கிறார்களாம். எதிரி எங்கே நிற்கிறான் என்கிற விவரம் எப்படியும் நம் ஃபோனுக்குள் வந்துவிடுகிறது, ஆட்டம் அதைத் திரையில் காட்டாமல் வைத்திருக்கிறது, இந்த ஹேக் அதை உள்ளேயிருந்து எடுத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் காட்டிவிடுகிறது என்றான். இன்னொன்று துப்பாக்கியைத் தானே தலைக்குக் குறிவைக்குமாம். டெலிகிராமில் "மெயின் ஐடி சேஃப்", அதாவது சொந்த ஐடிக்குத் தடை வராது என்று விளம்பரம் போட்டு விற்பார்களாம்.

அதில் நீ இருக்கிறாய் என்று அவன் அடித்துச் சொல்லவில்லை. நானும் நம்பவில்லை. நம்பவில்லை என்றுதான் எழுதுகிறேன். அவனை ஃபோனில் கூப்பிட்டு ஏசாதே. சின்னப் பையன், உன்னைப் பெருமையாகத்தான் சொன்னான்.

வேளா வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கண் விழிக்காதே. போன தடவை வந்தபோது கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே எதில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டேஷன் பக்கத்து சைபர் கஃபேயில் நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொள்ளுமே, அதைப் பூட்டாமல் வைக்க எட்டாம் வகுப்பில் வழி கண்டுபிடித்தாய். கொஞ்ச நாள் சும்மா ஆடிவிட்டு, மனசு கேட்காமல் நீயே போய் அந்தக் கடைக்கார பாயிடம் சொல்லிவிட்டாய். அவர் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் காசில்லாமல் ஆடிக்கொள் என்றார். அன்றைக்கு அப்பா உன் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த பில்டிங்கில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். உன்னைப் போல மூளை யாருக்கும் இல்லை. அம்மா என்பதால் சொல்லவில்லை.

2018 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? காலேஜில் இரண்டாம் வருஷம் நீ. ஷாங்காயில் நடந்த கவுண்டர் ஸ்ட்ரைக் என்கிற கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டப் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியில் ஒருவன் ஹேக் வைத்து ஆடிப் பிடிபட்டான். நடு ஆட்டத்தில் போட்டி நடத்துகிறவர்கள் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால், வேர்ட் என்று பெயர் வைத்து அந்த ஃபைலை ஒளித்திருக்கிறான். அதை அவசரமாக அழிக்கப் பார்க்கிறான். அந்த வீடியோவை நீ எனக்கும் அப்பாவுக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாய். அணியையே வெளியேற்றினார்கள், பிறகு அந்தக் கம்பெனி அணியையே கலைத்துவிட்டது. அவனுக்கு ஐந்து வருஷம் தடை. நீ அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "மத்த நாலு பேர் என்னம்மா பண்ணாங்க? இனிமே இந்தியா பசங்கன்னாலே எல்லாரும் சந்தேகமாத்தான் பார்ப்பான்" என்று கத்தினாய். அப்பா உன்னை அதட்டினார். எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்த நாலு பேருக்காக நீ சாப்பிடவில்லை, தம்பி.

இதை எழுதவே கூடாது என்று நினைத்தேன். சரி, எழுதிவிடுகிறேன். எதிர் ரூம் சாந்தாவின் மகன் விக்கி, ஒன்பதாவது படிக்கிறான். தனி ஃபோன் கிடையாது. அம்மா ஃபோனிலேதான் ஆடுவான். சாந்தாவுக்குத் தெரியாமல் அவள் ஜிபேயிலிருந்து பணம் அனுப்பி ஒரு வாரத்துக்கு ஒரு கீ வாங்கியிருக்கிறான். முதல் இரண்டு நாள் எல்லா ஆட்டத்திலும் அவனே கடைசி வரை நின்றான். வராண்டாவில் ஒரே கூத்து, பையன்கள் எல்லாம் அவனைச் சுற்றி. மூன்றாம் நாள் ஐடி போய்விட்டது. இப்போது ஐடியோடு விடுவதில்லையாமே, 2021 கடைசியிலிருந்து அந்த ஃபோனையே தடை செய்கிறார்களாமே. புது ஐடி போட்டாலும் அந்த ஃபோனில் ஆட முடியவில்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. அவள் எதுவும் செய்யாமலே அந்த ஃபோனுக்கு ஓடிபி வருகிறது. பிளவுஸ் தைக்கிற ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும், பேங்கும் அதில்தான். பேங்குக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி, ஃபோனை முழுதாக அழித்து வாங்கிக் கொடுத்தது அப்பாதான். விக்கி ஸ்கூலுக்குப் போவதற்குக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தான். கூட ஆடிய மூன்று பையன்களும் அவனோடு பேசுவதில்லை. இவன் ஹேக் வைத்து ஆடியதால் அவர்களையும் சேர்த்துத் திருடன்கள் என்கிறார்களாம்.

அவன் யாரிடம் அந்தக் கீயை வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஓட்டையை வைத்தது அந்தக் கம்பெனிதானே, கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்களுக்கு இதில் என்ன நஷ்டம் என்பாய். கம்பெனியை விடு, தம்பி. எதிரே ஆடுகிறவன் யார்? வலோரன்ட் என்கிற ஆட்டத்தின் சர்வர் ஒன்று மும்பையிலேயே இருக்கிறது என்று நீதானே சந்தோஷமாகச் சொன்னாய். அப்படியென்றால் எதிரே இருப்பவன் பாண்டுப்பில் இருப்பான், நாசிக்கில் இருப்பான். ட்யூஷன் முடிந்து வந்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் ஆடலாம் என்று உட்கார்ந்திருப்பான். தோற்றுப்போனால் தனக்குத்தான் விளையாடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். நீ தோற்றுவிட்டு வந்து எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று நான் எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறேன்!

ஓட்டை ஆட்டத்தினுடையது என்பதால் யாரையும் விட்டுவிடவில்லை. 2020ல் கவுண்டர் ஸ்ட்ரைக் கோச்சுகள் 37 பேரைத் தடை செய்தார்களே, அது கார்த்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் எந்த ஹேக்கும் வைக்கவில்லை. ஆட்டத்திலேயே ஒரு கோளாறு. சில நேரம் கோச்சின் கேமரா மைதானத்தில் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிடும், எதிர் அணி நடமாடுவது தெரியும். சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஆட்டங்களின் பதிவை எல்லாம் தோண்டி எடுத்து, வருஷம் கழித்துப் பிடித்தார்கள். தாங்களாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனையைக் குறைத்தார்கள். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இதே நினைப்பு. முன்வந்து சொன்னவர்களுக்குக் குறைத்தார்கள்.

வக்கீல் மாமாவிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அந்த மாதிரி புரோகிராமுக்குள் வேறு ஏதாவது இருந்து, அடுத்தவன் ஃபோனில் புகுந்து விவரத்தை எடுத்தால் ஐடி சட்டம், அதுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயில், இல்லாவிட்டால் ஐந்து லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்றார். கொரியாவில் ஹேக் எழுதி விற்பதற்கே தனியாகச் சட்டம் இருக்கிறது. லோடருக்குள் என்ன இருக்கிறது என்று அதை எழுதியவனுக்குத்தான் தெரியும். வாங்கி விற்கிறவனுக்குத் தெரியுமா? பணம் போய்ச் சேர்ந்த அக்கவுண்டைத்தான் போலீஸ் முதலில் பார்க்கும். அந்த ஃப்ரெண்டுகள் யார் தம்பி? நம் அக்கவுண்டில் ஏன் அவர்கள் பெயர் இருக்க வேண்டும்? அப்பா பெஸ்ட் மின்சார ஆபீஸில் கரண்ட் மீட்டர் பார்த்த காலத்தில் அந்த வடாலா கடைக்காரர் விஷயம் உனக்குத் தெரியும். நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இந்த மூளைக்கு நேர் வழியிலேயே காசு இருக்கிறது. வலோரன்டுக்குக் காவலாக வான்கார்ட் என்று கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓடுமே, அதில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை தருவதாக 2020லேயே அந்தக் கம்பெனி அறிவித்தது. வெளியில் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாமாம். சைபர் கஃபே பாய் ஒரு மணி நேரம் கொடுத்தார், இவர்கள் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். கண்டுபிடிப்பதும் அதேதான், உட்காருவதும் அதே ராத்திரிதான். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. உன் சம்பளம் போதும். எங்களுக்கு அப்பாவின் பென்ஷன் போதும். நாங்கள் உன்னிடம் எதுவும் கேட்கவில்லையே, பாலு? நீயாக அனுப்பினாய். நல்ல மனசு, அது எனக்குத் தெரியாதா?

அப்படி எதுவும் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. நான் நம்புவேன். இருந்தால், டெலிகிராமில் என்ன இருக்கிறதோ அதை இன்றைக்கே மூடு. யாருக்குக் கீ விற்றாயோ அவர்களிடம் பாஸ்வேர்டு எல்லாம் மாற்றச் சொல்லு. இதை முதலில் செய். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடு. ஃப்ரிட்ஜ் பணம் அப்படியே இருக்கிறது, அதை எடுத்துக்கொள். உன்னோடு சேர்ந்து ஆடுகிறவர்களிடம் நீயே சொல்லிவிடு, வேறொருவர் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம். கம்பெனிக்கு நீயே எழுது. தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் நான் பெங்களூருக்கு வருகிறேன். உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை வந்துவிடுவேன், அப்பாவிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆச்சியின் கண் ஆபரேஷன், செல்விக்கு வந்திருக்கிற நாகர்கோவில் சம்பந்தம், எல்லாம் எழுத வேண்டும் என்று இருந்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, கவலைப்படாதே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா செம்பூர் முருகன் கோயிலுக்குப் போவார். ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். கூப்பிடு. மீட்டிங் இருந்தாலும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா