இந்த நவராத்திரிக்கு வண்ணக் கூடு இல்லை

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கப் பட்டுக்கூட்டுப் பூ செய்யும் வேலை பல வீடுகளில் தொடங்கிவிட்டது. கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்பது, "வண்ணப் பாக்கெட் எங்கே?" என்றுதான். சாயம் ஏற்றிய பட்டுக்கூடுகளை அடைத்த அந்தப் பாக்கெட் இனி இல்லை. கூடு, கம்பி, பசை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்ற செட்டும் இல்லை. உட்புறம் சுத்தம் செய்த வெள்ளைக் கூடு மட்டும், எடை போட்டுக் கொடுக்கிறோம். கல்லாவில் நின்றபடி ஆளுக்குப் பாதிக் காரணம் சொல்லி அனுப்புவதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

முதலில் கூடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகும் கூடு வேறு, நாங்கள் விற்கும் கூடு வேறு. ஏலக் கூட்டுக்குள் புழு இருக்கும். நூற்பாளர்கள் அதை வாங்கி, வெந்நீரில் வேகவைத்து, இழையின் நுனியைப் பிடித்து நூலாக இழுப்பார்கள். நிலக்கடலை அளவே உள்ள ஒரு கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை சுற்றியிருக்கிறது. அது அறுபடாமல் வந்தால்தான் அவர்களுக்குக் காசு.

முட்டைக்காக ஒதுக்கிய விதைக்கூட்டின் கதை வேறு. அதில் புழு அந்துப்பூச்சியாக மாறும்வரை விட்டுவிடுவார்கள். பூச்சி ஒரு திரவத்தைச் சுரந்து கூட்டின் ஒரு முனையை நனைத்து இளக்கி, இழைகளை விலக்கிக்கொண்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து தொடர்ச்சியான இழை எடுக்க முடியாது. பெரும்பகுதி ஆலைகளுக்குப் போய், பஞ்சு போலப் பிரித்து நூற்கப்பட்டு ஸ்பன் சில்க் நூல் ஆகிறது. ஒரு சிறு பகுதி எங்களைப் போன்றவர்களிடம் வருகிறது. "ஓட்டைக் கூட்டை ஏன் தலையில் கட்டுகிறீர்கள்?" என்று போன மாதம் ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். அம்மா, ஓட்டை இருப்பதால்தான் அது உங்கள் கைக்கு வந்தது. இல்லையென்றால் இந்நேரம் யாருடைய முகூர்த்தப் புடவையிலோ போயிருக்கும்.

ஓட்டையைச் சுற்றி பழுப்புக் கறை இருக்கும். பூச்சி வெளியே வந்தவுடன் கழிக்கும் நீரின் கறை அது; அழுக்கு இல்லை. அந்த முனையை மூன்று, நான்கு மில்லிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்தது. பூவின் வாய் அங்கேதான் வரப்போகிறது. எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இனி வண்ணப் பாக்கெட். கறுஞ்சிவப்பிலும் நீலத்திலும் தோய்த்த கூட்டில் எது கறைபட்டது, எது பழையது, எது மெலிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையில் ஒளிக்க இடமில்லை. மொத்த வியாபாரியிடமிருந்து வரும் வண்ணக் கூட்டில் சாயம் சரியாக ஊறாமலும் இருக்கும். கையில் வியர்வை இருந்தால் விரலில் ஒட்டும். தலையில் வைக்கும் பூவானால் ரவிக்கையில் ஒட்டும். பரிசு வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் துணியை ஊறவைத்துத் தேய்க்கும்படி ஆகக் கூடாது.

செட் பெட்டியை நிறுத்தியதற்குக் காரணம் எளிது. உள்ளே இருபது கூடு, ஒருமுறை திறந்தால் காய்ந்துபோகும் ஒரு குப்பிப் பசை, மீதி எல்லாம் அட்டையும் காற்றும். பழகுகிற கைக்கு இருபது கூடு போதாது. முதலில் வெட்டுவதில் பாதி வீணாகத்தான் போகும். வெறுங்கூடு ஒன்று அரை கிராம்கூட இருக்காது. ஆகவே 100 கிராம் வாங்கினால் 200 கூடுகளுக்குக் குறையாமல் கிடைக்கும். வீணாவதைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டிப் பழகலாம்.

நிறம் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை. பட்டு புரத இழை. அதனால் அமிலச் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கேசரிக்குப் போடும் நிறப்பொடியே போதும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் இரண்டு கரண்டி வினிகர், ஒரு சிட்டிகை பொடி. கூட்டை முதலில் வெட்டிவிட்டு, பிறகு நனையுங்கள். அப்போதுதான் உட்புறமும் நிறம் ஏறும். கூடு மிதக்கும், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். வேண்டிய நிறம் வந்ததும் எடுத்து, அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மஞ்சள் தூளும் அழகான நிறம் தரும். ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும். சுவரில் மாட்டும் தோரணத்துக்கு அது வேண்டாம்.

கொதிக்கிற தண்ணீரில் மட்டும் போடாதீர்கள். கூட்டை விறைப்பாக வைத்திருப்பது செரிசின் என்ற இயற்கைப் பசை. கொதிநீரும் சோப்பும் சலவைச் சோடாவும் அதைக் கரைத்துவிடும். இதழ் துவண்டு பஞ்சாகிவிடும். கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரில் ஊறவைப்பது அதைவிட மோசம், அது பட்டையே அரித்துவிடும். அதே செரிசின்தான் உங்களுக்கு உதவியும் செய்கிறது. நிழலில் உலர்த்தும்போது ஈரம் முழுதாக வற்றுவதற்குச் சற்று முன் ஒவ்வோர் இதழையும் கட்டைவிரலால் வெளிப்பக்கம் வளைத்து விடுங்கள். காய்ந்த பிறகு அந்த வளைவு அப்படியே நிற்கும். கம்பியும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம்.

வெட்டுவதற்குப் பெரிய தையல் கத்தரிக்கோல் உதவாது. நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோல் போதும், ஆனால் முனை கூராக இருக்க வேண்டும். கறை முனையை வெட்டிய வாயிலிருந்து அடிப்பக்கம் நோக்கி ஐந்து கீறல். அடியில் அரை விரற்கடை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் நுனியையும் உருட்டி வெட்டினால் ஐந்து இதழ். அடியில் ஊசியால் துளையிட்டு, மகரந்தம் கட்டிய பூக்கம்பியை உள்ளிருந்து இறக்கி, பச்சை டேப் சுற்றினால் ஒரு பூ முடிந்தது. கை பழகியவர்களுக்கு இன்னொரு வேலை: வெட்டிய ஓர் இதழின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். கூட்டின் சுவர் ஏடு ஏடாகப் பிரியும். உள்பக்கத்து மெல்லிய ஏட்டில் செய்த இதழின் பின்னால் விரலை வைத்தால் விரல் நிழலாகத் தெரியும். இந்த வேலையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாயம் தோய்த்து விறைத்துப்போன பாக்கெட் கூட்டில் இது வரவே வராது.

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் புழு வளர்க்கும் வீட்டார் சிலர், "எங்கள் வீட்டுக் கூட்டையே எடுத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே புழு இருப்பதை மறக்க வேண்டாம். அப்படியே காயவைத்துப் பூ செய்தால் நாற்றம் எடுக்கும், வண்டும் வரும். வெட்டித் திறந்து, உள்ளே இருப்பதை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நாங்களும் ஓட்டைக் கூட்டுக்குள் பூச்சி விட்டுப்போன பழுப்புச் சக்கையை உதறி எடுத்துத்தான் தருகிறோம். விலையில் ஒரு பங்கு அந்தக் கூலிதான். உதறும்போது பட்டுத்தூசி பறக்கும். தும்மல், இழுப்பு உள்ளவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். "பூச்சி பறந்துபோன கூடுதானே, அப்படியென்றால் கொல்லாமை பட்டா?" என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு லேபிள் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் விற்கும், தெரியும். ஆனால் ஒட்ட மாட்டோம். விதைக்கூட்டிலிருந்து வெளிவரும் தாய்ப்பூச்சி முட்டையிட்ட பிறகு, அதை நசுக்கி நுண்ணோக்கியில் வைத்து பெப்ரின் என்ற பட்டுப்புழு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரான்சில் லூயி பாஸ்டர் 1860களில் வகுத்த முறை அது. இன்றும் அதுதான் நடக்கிறது. நோயுள்ள முட்டை விவசாயியின் வீட்டுக்குப் போனால் ஒரு தட்டுப் புழுவும் மிஞ்சாது என்பதால் அந்தச் சோதனை தேவை. ஆக, வேகவைக்காத கூடு என்று மட்டும் சொல்வோம். சாமிக்கு மாலை கட்டலாமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டு மடிக்கு ஆகும் என்பவர்களும் உண்டு, பூச்சி சம்பந்தப்பட்டது வேண்டாம் என்பவர்களும் உண்டு.

செய்து முடித்த பூவை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். காய்ந்த வேப்பிலை நான்கைந்து போடலாம். அந்துருண்டை வேண்டாம், அந்த வாடை பரிசோடு சேர்ந்து போகும்.

"பூ செய்து தந்தால் நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா?" இதுவும் வாரம் தவறாமல் வரும் கேள்வி. வாங்க மாட்டோம். எங்களுக்கு அந்த வியாபாரம் தெரியாது. முன்பணம் கட்டினால் மூலப்பொருள் அனுப்பி, செய்ததை முழுவதும் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லுகிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கொடுத்த பணத்துக்குப் பதிலாகக் கடைசியில் ஒரு மூட்டை கூடும் "தரம் போதாது" என்ற ஒரு வரியும்தான் மிஞ்சும். முதல் ஒரு வருடம் அக்காவுக்கு, டீச்சருக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்கு என்று செய்துகொடுங்கள். அதைப் பார்த்து யாராவது விலை கேட்டால், செலவான நேரத்தையும் சேர்த்து விலை சொல்லப் பழகுங்கள். கூட்டின் விலையை மட்டும் கணக்குப் பார்த்துச் சொல்பவர்கள்தான் இங்கே அதிகம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. கூட்டின் விலை நிலையாக இருப்பதில்லை. அதனால் பொட்டலத்தில் விலை ஒட்டாமல், அன்றன்றைய விலையை வாசல் பலகையில் எழுதிவைக்கிறோம். குறைந்த அளவு 50 கிராம். இரட்டைக் கூடு, அதாவது இரண்டு புழு சேர்ந்து கட்டிய பெரிய உருண்டைக் கூடு, எப்போதாவது வரும். பெரிய இதழுக்கு அருமையாக இருக்கும். வேண்டுகிறவர்கள் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போங்கள். மஞ்சள் கூடும் சில வாரம் வரும். அந்த மஞ்சள் மேலே உள்ள பசையில் இருப்பது, அலசினால் மங்கும். நனைக்காமல் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் வாங்குங்கள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடைத் திண்ணையில் வெட்டும் முறையைக் காட்டுகிறோம். கட்டணம் இல்லை. கத்தரிக்கோல் நீங்கள் கொண்டுவர வேண்டும். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெரியவர்களோடு வரட்டும். பசைத் துப்பாக்கியைத் தொட அவர்களை விடமாட்டோம். அதன் முனை பட்டால் கொப்புளம் போட்டுவிடும். மழை பெய்தால் திண்ணை நனைந்துவிடும் என்பதால் அன்று வகுப்பு கிடையாது.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்
தருமபுரி