லீட்ஸ் மாணவர் கோபுரங்களுக்குக் குடிவரும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வந்து முதுகலை சேரப்போகிற உங்களில் பலர், அரீனா என்ற நிகழ்ச்சி அரங்கத்தைச் சுற்றி நிற்கும் மாணவர் கோபுரங்களில் அறை எடுத்திருப்பீர்கள். 2009-ல் வந்த ஸ்கை பிளாசா 37 மாடி. 2021-ல் வந்த ஆல்டஸ் ஹவுஸ் 116 மீட்டர். கட்டி முடித்தபோது யார்க்‌ஷரிலேயே உயரமான கட்டடம் அதுதான். வாடகை, டெபாசிட், மளிகைக் கடை பற்றியெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்: தீ அலாரம்.

இங்கே ஒரு கோபுரத்தின் 23-ஆம் மாடியில் குடியிருந்தவன் நான். அலாரம் அடிக்கடி அடிக்கும், பெரும்பாலும் நடுராத்திரியில். அக்டோபரில் எல்லோரும் கீழே இறங்கினோம். ஜனவரிக் குளிர் வந்ததும் பாதிப் பேர் இறங்கவில்லை. மார்ச்சில் அலாரம் அடிக்க அடிக்க ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படுத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். "யாரோ தோசை கருக்கிட்டாங்க, தூங்குடா" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. அதுதான் ஆபத்து.

லீட்ஸிலிருந்து வெகுதூரமில்லை போல்டன். அங்கே தி க்யூப் என்ற மாணவர் குடியிருப்பு. ஆறே மாடி. 2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை இரவு அதில் தீப்பிடித்தது. வெளிச்சுவரில் பொருத்தியிருந்த பலகைகள் வழியாகத் தீ மேல்தளங்களுக்கு ஏறியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பிள்ளைகள் மடிக்கணினி, புத்தகம், துணிமணி என்று இருந்ததையெல்லாம் இழந்தார்கள். அங்கே அலாரம் எப்போது பார்த்தாலும் அடித்துக்கொண்டிருக்கும், அதனால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அங்கிருந்த மாணவர்கள் அப்போது சொன்னார்கள். அதைப் படித்தபோது எங்கள் கட்டடம்தான் என் கண்முன் வந்தது.

அலாரம் ஏன் இத்தனை தடவை அடிக்கிறது? ஸ்டூடியோ என்று வாடகைக்கு விடும் அறையில் கட்டிலும் அடுப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. தனிச் சமையலறை என்றால் சூடு ஏறினால் மட்டும் அடிக்கிற கருவியை வைக்கலாம். ஆள் தூங்கும் அறையில் புகையை உணரும் கருவி வேண்டும். எண்ணெயில் கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் போட்டு நெடி கிளம்பினால் அது பொறுத்துக்கொள்ளாது. ஜன்னலும் ஒரு சாண்கூடத் திறக்காது. இது உங்கள் சமையலின் குற்றமல்ல. நாலு சுவருக்குள் எல்லாவற்றையும் அடக்கிக் காசு பார்க்கிற கட்டட அமைப்பின் குற்றம்.

அதற்கு நம் பிள்ளைகள் கண்டுபிடித்த வழிதான் என்னைக் கலங்க வைக்கிறது. குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையைக் கூரையிலிருக்கும் கருவிக்கு மாட்டிவிட்டு, ரப்பர் பேண்டும் சுற்றிவிடுகிறார்கள். சமையல் முடிந்ததும் கழற்ற மறந்துபோகிறது. அப்படி மாட்டிய உறை வாரக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்குவதை நண்பர்கள் அறையில் பார்த்திருக்கிறேன். கீழே மெத்தை, மெத்தைமேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அபராதம் இருக்கட்டும், உயிரை நினைத்துப் பாருங்கள்.

புகை வந்தால் அறைக்கதவைத் திறந்து நடைவழிக்கு விசிறுவதும் தப்பு. நடைவழியிலிருக்கும் கருவிக்குப் புகை எட்டினால் பல கட்டடங்களில் மொத்தக் கோபுரமும் அலறும். அதைவிட, அந்தக் கனத்த கதவு தானாக மூடிக்கொள்வதே தீயையும் புகையையும் அறைக்குள்ளேயே நிறுத்தி மற்றவர்கள் தப்பிக்க நேரம் கொடுப்பதற்குத்தான். செருப்பையோ அரிசி மூட்டையையோ முட்டுக்கொடுத்து அதைத் திறந்து வைக்காதீர்கள். மின்விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, சின்னத் தீயில் தாளியுங்கள். கார்த்திகை விளக்குக்கு பேட்டரி விளக்கு போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

வந்த முதல் வாரமே லிஃப்டை விட்டுவிட்டு ஒரு தடவை படியில் கீழே இறங்கிப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படியுங்கள். சில கட்டடங்களில் அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியேற வேண்டும். சிலவற்றில் தீ உங்கள் வீட்டில் இல்லையென்றால் உள்ளேயே இருக்கச் சொல்வார்கள். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்திலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். 2017 ஜூன் 14 அன்று அங்கே தீ பரவியபோது அந்த அறிவுரையை மாற்றவே ஏறக்குறைய இரண்டு மணி நேரமானது. 72 பேர் இறந்தார்கள். ஆகவே எந்த விதி இருந்தாலும், புகையோ சூடோ உங்களை எட்டினால் உடனே கிளம்புங்கள், அவசர உதவி எண்ணான 999-ஐக் கூப்பிடுங்கள்.

நிர்வாகத்திடம் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள். விசா போய்விடுமோ என்று பயந்து நம் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்டதற்காக யார் விசாவும் போகாது. தீ வந்தால் என்ன செய்வது என்று குடியிருப்போருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பது 2023 ஜனவரியிலிருந்து இங்கே சட்டம். 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 மீட்டருக்கோ ஏழு மாடிக்கோ குறையாத குடியிருப்பை நடத்துவோர் பாதுகாப்புப் புகார்களை வாங்கி விசாரிக்கவும் வேண்டும். ஒவ்வொரு தடவை அலாரம் அடித்த பிறகும் ஏன் அடித்தது என்று மறுநாள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு அறையில் புகை வந்தால் முதலில் அந்த அறையில் மட்டும் அடித்து, யாராவது வந்து பார்க்கும்படி அமைப்பை மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. வீடியோ காலில் "சாப்பிட்டியா?" என்று கேட்டபிறகு, "உன் மாடியிலிருந்து படி எந்தப் பக்கம்? வெளியே எங்கே போய் நிற்கணும்?" என்றும் கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லையென்றால், போனைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லீட்ஸில் வசிக்கும் உங்கள் அண்ணன்