இரண்டு கை சுண்ணாம்பு: இராமநாதபுரம் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வரைக்கும், பின்னாளில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கமும், வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு வீட்டில் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதையும், பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருப்பதையும் அக்கம்பக்கத்தாருக்கு முன்பே அந்த அட்டை எனக்குச் சொல்லிவிடும். அப்படி அது பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த ஒன்றைத்தான் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பனையோலைக் குடிசையில் இருந்தவரை இரண்டு மாதத்துக்கு 60, 70 யூனிட்டைத் தாண்டாத குடும்பம், அரசு உதவியில் கான்கிரீட் வீடு கட்டிக் குடியேறிய முதல் கோடையிலேயே 150 யூனிட்டைத் தொட்டுவிடும். அந்த வீட்டில் புதிதாக எந்தப் பொருளும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஏர்வாடிக்கு அருகே ஒரு மூதாட்டி அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏந்தம்பி, அதே ரெண்டு லைட்டு, அதே ஒத்தக் காத்தாடி. மீட்டருக்கு மட்டும் எப்படிப்பா பசி கூடுச்சு?" என்று கேட்டார். மீட்டர் சரியாகத்தான் ஓடியது. குடிசையில் இரவு 10 மணிக்கு நிறுத்திய காத்தாடியை, புது வீட்டில் அவரால் விடியும்வரை நிறுத்த முடியவில்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் 14 முதல் 20 வரை மின்சிக்கன வாரம் கொண்டாடப்படுகிறது. பேரணி போகிறது, உறுதிமொழி எடுக்கப்படுகிறது, தேவையில்லாத விளக்கை அணையுங்கள் என்று துண்டறிக்கை தரப்படுகிறது. நானும் பலமுறை பதாகை பிடித்து நடந்திருக்கிறேன். ஆனால் டிசம்பர் எங்களுக்கு வாடைக் காற்று அடிக்கும் மழைக்காலம். காத்தாடியே ஓடாத மாதத்தில் மின்சிக்கனம் பேசிவிட்டு, சித்திரை, வைகாசியில் நாம் யாரும் வாய் திறப்பதில்லை. விளக்கைப் பற்றிப் பேசுவதிலும் இப்போது பெரிய பொருளில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பை ஆறு மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்டுதான் ஆகும். எங்கள் கரையில் மின்சாரத்தை இழுப்பது கூரைதான்.

இது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. வெறும் சிமெண்ட் பூச்சுள்ள தளம் நாளாக நாளாகக் கறுத்து, பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு அதைக் கீழே வீட்டுக்குள் இறக்குகிறது. என் வீட்டில் ஒரு வைகாசி இரவு 9 மணிக்கு முக்காலி போட்டு ஏறி, உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கூரைக்கு ஒரு முழம் கீழே தொங்கும் காத்தாடி எந்தக் காற்றைக் கட்டிலுக்கு அனுப்பும் என்பதை விளக்கத் தேவையில்லை. நம் பழைய கொத்தனார்கள் தளத்தின்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன்மேல் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட மண் ஓட்டைப் பதித்தது மழை ஒழுகாமல் இருக்க மட்டுமல்ல. இன்று செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்த வேலைதான். என் வீட்டைக் கட்டியவரும் அதைத்தான் செய்தார். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னபோது தலையாட்டிய குற்றம் என்னுடையது.

என் குற்றத்தை முழுமையாகவே சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு டன் ஏ.சி. வாங்கினேன். 270 யூனிட்டாக இருந்த என் அட்டை அந்தக் கோடையில் 620 ஆனது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைக் கடந்தால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடும். இதை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவனே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்பதால், சராசரியாக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நான் கூடுதலாகச் செலவழித்த 350 யூனிட்டுக்கு அது 245 கிலோ. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றை முழுவதும் எரித்தால் வருவது ஏறத்தாழ 42 கிலோ. அதாவது, இரண்டே மாதத்தில் ஆறு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவான புகையை என் தூக்கத்துக்காக எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் கிளப்பியிருக்கிறேன்.

அடுத்த பங்குனியில் தளத்தைக் கழுவி, சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, அடித்தேன். ஆளுக்கும் பொருளுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான். அன்று பகல் தளத்தில் நின்றால் கண் கூசியது. அவ்வளவு வெயில் திரும்பிப் போகிறது என்றுதானே பொருள். இரவில் உட்கூரையில் கை வைத்தால் வைத்த இடத்திலேயே இருந்தது. பழைய காத்தாடிகள் இரண்டையும் மாற்றினேன். சாதாரணக் காத்தாடி 75 வாட்; நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். கடையில் ரிமோட் பேன் என்று கேட்டால் தரும் பி.எல்.டி.சி. வகை 30 வாட்டுக்குள் ஓடுகிறது. அதே ஓட்டத்துக்கு 36 யூனிட். ஏ.சி.யை 20இலிருந்து 26க்கு உயர்த்தி, நள்ளிரவில் தானே அணையும்படி நேரம் வைத்தேன். அந்தக் கோடை அட்டையில் விழுந்தது 430. வடகிழக்கு மழையில் சுண்ணாம்பு கரையத்தான் செய்யும். ஆண்டுக்கொரு முறை அடிக்க வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் ஊரில் இது பெரிய வேலையா?

குடிசைக்கே திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை ஓலை மாற்றும் செலவையும், ஒரு பொறியில் தெருவே எரிந்ததையும் பார்த்தவன் நான். 1964 புயலைக் கண்ட கரை இது. கெட்டிக் கூரை வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்பது விதி. என் கோரிக்கை அந்த 300 சதுர அடியைப் பற்றியது. கடலோர ஒன்றியங்களில் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டோடு, இயலாவிட்டால் வெள்ளைப் பூச்சு, மதிப்பீட்டிலேயே தனி வரியாக இடம்பெற வேண்டும். அந்த வேலை முடிந்த பிறகே கடைசித் தவணை விடுவிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளுக்கு மாசி, பங்குனியில் ஊராட்சி வழியாகச் சுண்ணாம்பு வழங்கலாம்.

இரண்டாவது, ஜன்னல். நம் மாவட்டத்துக்கு ஒரு கடல் அல்ல, இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினத்துக்காரர்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்துக்காரர்களுக்குத் தெற்கே. பாம்பன்காரர்களுக்கு வடகடல், தென்கடல் என இரண்டும் உண்டு. மாலையில் கடற்காற்று வரும் திசை ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு மேற்கிலிருந்து அடிக்கும்போது அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தித்தான் வைக்க வேண்டும். நான் பார்த்த தொகுப்பு வீடுகளில், எந்தக் கரையானாலும் சாலையைப் பார்த்து ஒரு கதவு, அதன் பக்கத்தில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கடலைப் பார்த்த சுவரில் ஒரு ஜன்னலும், அதற்கு எதிர்ச் சுவரில் காற்று வெளியேற உயரத்தில் ஒரு திறப்பும் வைத்தால் பல இரவுகளில் காத்தாடிக்கே வேலை இருக்காது. ஒரே வரைபடத்தை இரு கரைக்கும் கொடுக்காமல், கரைக்கு ஒன்றாக இரண்டு வரையச் சொல்லுங்கள்.

சூரியத் தகடு போடலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். 2024இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. என்னைப் போன்ற ஏ.சி. வீட்டுக்காரர்களை அதற்குத் தாராளமாக நெருக்குங்கள். உப்புக்காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரமே துருவேறும் என்பதால் அலுமினியமோ துத்தநாகப் பூச்சிட்ட இரும்போ கட்டாயம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஆனால் முதல் 100 யூனிட் கட்டணமில்லாத மாநிலத்தில், 120 யூனிட் எரிக்கும் மீனவக் குடும்பம் மானியம் போக மீதிப் பணத்துக்குக் கடன் வாங்கித் தகடு போட எந்தக் காரணமும் இல்லை. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுகிறது; நம் வெயிலின் அருமை ஊரறிந்தது. அதே வெயிலைக் கூரையில் தடுக்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தோன்றவில்லை.

90 யூனிட் எரிக்கும் வீட்டில் போய்ச் சிக்கனம் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் பங்குக்கு வெளியாகும் புகை மிகக் கொஞ்சம். நான் அஞ்சுவது, அந்த வீட்டுப் பிள்ளை நாளை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் முதல் பணத்தில், கொதிக்கும் தளத்துக்கடியில் மாட்டப்போகும் ஏ.சி.யை நினைத்துத்தான். கரைக்காற்றில் அதன் வெளிப்பெட்டிச் சுருள் அரித்துப்போய், அதே குளிர்ச்சிக்குக் கூடுதல் மின்சாரம் தின்னும். வாங்கிய பிறகு அணைக்கச் சொல்வதைவிட, வாங்கும் தேவையைத் தள்ளிப்போடும் வழி நம் மதிப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரியாகக் காத்திருக்கிறது.

பொறியாளர்கள் யாரேனும் நேரில் பார்க்க விரும்பினால் என் வீட்டுக்கு வரலாம். என் தளம் வெள்ளை. ஒட்டிய வீட்டின் தளம் கறுப்பு. நடுவே கைப்பிடிச் சுவர் மட்டும்தான். சித்திரையில் பிற்பகல் 3 மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டிலும் ஏறி நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர் ஒருவர்,
திருப்புல்லாணி ஒன்றியம்.