‘ஏதோ இருக்கேன்’ என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நல்ல முதியோர் இல்லத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைப்பிடி வைத்த குளியலறை, சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை, இரவிலும் நர்ஸ், கண்காணிப்புக் கேமரா, கட்டிலோரம் அழைப்பு மணி என்று பட்டியல் கொடுத்திருந்தீர்கள். என் அத்தை இருக்கும் இல்லத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

அத்தைக்கு 84 வயது. போன வருடம் சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருத்தி அங்கே கேள்வித்தாளோடு வந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கத் தயாரித்த கேள்வித்தாளின் சுருக்க வடிவம் அது. மொத்தம் 26 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1990களில் இதை உருவாக்கியபோது பல நாடுகளில் மையங்கள் வைத்து வேலை செய்தார்கள், அவற்றில் நம் சென்னையும் ஒன்று. ஆகவே வெளிநாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

முதல் கேள்வியே, உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்பதுதான். அத்தை, “ஏதோ இருக்கேன்மா” என்றார். மாணவியின் பேனா அப்படியே நின்றுவிட்டது. ‘ஏதோ இருக்கேன்’ என்பது 2-ஆ, 3-ஆ? அந்த வழியாக வந்த வார்டன், “நல்லா இருக்காங்கன்னு போட்டுக்கோம்மா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். 4 விழுந்தது. அதற்குப் பிறகு அத்தை எதற்குமே 4-க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று வேளை சோறு போடுகிறவர்களைக் குறை சொல்லலாமா என்று வளர்ந்த தலைமுறை. தாம்பத்திய வாழ்க்கை திருப்தியா என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு. மாணவி அதை வாசிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அத்தை கவனித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அதே தாளில் அத்தைக்காக என்னையும் நிரப்பச் சொன்னாள். உடல்நிலைக்கு நான் 2 போட்டேன், அத்தை 4 போட்டிருந்தார். அவருடைய மூட்டுவலியைப் பார்க்கும் எனக்குத்தான் அது பெரிதாகத் தெரிகிறது, அவர் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டார். மறதி நோய் உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். பெற்ற பிள்ளையும் பார்த்துக்கொள்ளும் ஊழியரும் கொடுக்கும் மதிப்பெண், நோயாளிகள் தங்களுக்கே கொடுத்துக்கொள்வதைவிடக் குறைவாக இருக்கும். அல்சைமர் நோயாளிகளுக்காக 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் நோயாளியிடமும் கேட்பார்கள், கவனிப்பவரிடமும் கேட்பார்கள். இரண்டையும் சேர்க்கும்போது நோயாளியின் பதிலுக்கு இரண்டு பங்கு எடை. “அவங்களுக்கு ஞாபகமே இல்ல, எங்கிட்ட கேளுங்க” என்று நாம் முந்திக்கொள்கிறோமே, அதற்கு நேர்மாறு.

முதியவர்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 24 கேள்விகள் தனியாக உண்டு. சாவைப் பற்றியும், சாகும்போது வலி இருக்குமோ என்ற பயத்தைப் பற்றியும் அதில் கேட்கிறார்கள். வயதானவர்களிடம் போய் இதைக் கேட்பதா என்று நம்மில் பலர் முகம் சுளிப்போம். சாயங்காலம் அந்த இல்லத்துத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், பேச்சே அதுதான். படுத்த படுக்கையாகக் கிடக்காமல் போய்விட வேண்டும், தகவல் சொன்னால் அமெரிக்காவில் இருக்கும் பையன் வந்து சேர்வானா, இல்லையென்றால் கொள்ளி யார் வைப்பது. இதையெல்லாம் அவர்கள் தங்களுக்குள்தான் பேசிக்கொள்கிறார்கள், நம்மிடம் பேசுவதில்லை.

இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. உணவு சத்தானதா என்பதோடு அது நிற்பதில்லை, பிடித்ததை வேண்டிய நேரத்தில் சாப்பிட முடிகிறதா என்றும் கேட்கிறது. அன்றாட வாழ்க்கை எந்த அளவுக்கு உங்கள் கையில் இருக்கிறது என்று கேட்கிறது. பேச முடியாதவர்கள் இருந்தால், கூடத்தில் உட்கார்ந்து நடப்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு.

நம் 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில் மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. அங்கே தரவேண்டிய சேவைகளாக மருத்துவத்தையும் பொழுதுபோக்கையும் சொல்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் காலை ஐந்து மணிக்கே வரிசைப்படி எழுப்பிக் குளிப்பாட்டிவிட்டு, ஏழரை வரை காப்பிக்காகக் காக்கவைப்பது இதில் எந்தக் கட்டத்தில் வரும்? எனக்கே இது தெரிந்தது, வார்டன் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் அத்தை தானாகப் பேசியபோதுதான். ஆய்வு செய்ய வருகிறவர்கள் அதிகாரிகளானாலும் மாணவர்களானாலும், தயவுசெய்து இல்லத்து ஆட்கள் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் பட்டியலிலும் இதைச் சேர்க்கலாம்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த 26 கேள்விகளில் போக்குவரத்து வசதி திருப்தியா என்பதும் ஒன்று. அத்தை அதற்கு 5 போட்டிருந்தார். எப்படி என்று கேட்டேன். “நான்தான் எங்கயும் போறதில்லையே, அதுல என்ன குறை?” என்றார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக ஆசைதான், ஆனால் வீட்டார் அனுமதி இல்லாமல் கேட்டைத் தாண்ட விடமாட்டார்களாம். எந்த வீட்டார் என்று விசாரித்தால், சேர்க்கும்போது கொடுத்த காகிதக் கட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான்.

மறுநாளே அதை மாற்றி எழுதிக் கொடுத்தேன். இப்போது பக்கத்து அறை அம்மாவோடு வாரா வாரம் ஆட்டோவில் கோயிலுக்குப் போய்வருகிறார். போகவர இருநூறு ரூபாய் கேட்கிறான், மழை பெய்தால் வரவே மாட்டேன் என்கிறான் என்று போனில் ஒரே புகார். அந்த மாணவி மறுபடி வந்து போக்குவரத்துக் கேள்வியைக் கேட்டால், அத்தை 2-க்கு மேல் போடமாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி