அம்மிணிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். நீ போன் செய்து இருபத்து மூன்று நாளாகிறது. வேலை இருக்கும், தெரியும். வாட்ஸ்அப்பில் டிக் நீலமாகிறதே, அது போதும் என்கிறாள் உங்கம்மா. அவளுக்குப் போதும்.

ஓடையில் தனியாக இறங்காதே கண்ணு. நெஞ்சுவரை மாட்டுகிறாயே ஒரு ரப்பர் உடுப்பு, அதற்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை எழவிடாதாம். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டு.

நீ அனுப்பிய பிரிட்ஜ் கிரீக் ஓடைப் படத்தைச் சென்னிமலை மாமாவிடம் காட்டினேன். ஓடை மண்ணை அரித்து அரித்துப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது, அதனால் குறுக்கே கம்பம் அடித்து மிலாறு பின்னி விடுகிறார்கள், மீதியை அணை கட்டும் பீவர் என்கிற பிராணியே வந்து கட்டிக்கொள்ளும், வண்டல் படிந்து ஓடை மட்டம் ஏறும், ஸ்டீல்ஹெட் மீன்கூடப் பெருகியிருக்கிறது என்று நீ சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். "நம்ம கொரம்புதானே, இதுக்கு ஆரிகன் வரைக்கும் போகணுமா?" என்றார். அவர் கிடக்கிறார். அவர் போன பிறகும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெல்ட்டை மறக்காதே.

உன் ஆய்வின் முன்னுரையைத் தம்பி தமிழில் சொன்னான். நொய்யலுக்கு நாலு வரி. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது, 2011 ஜனவரியில் கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எல்லாம் சரி. சாயம் கண்ணுக்குத் தெரியும், மண்ணைக் கெடுத்தது உப்பு என்பதும் சரி. ஆனால் அப்பாரு கிணற்றை ஏன் விட்டாய்? அப்பா படித்தால் சங்கடப்படுவான் என்றா? அவ்வளவு தூரம் படிக்க வைத்தது இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதவா?

சாயக்கழிவை 'மழை நேரத்தில் திறந்துவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறாய். யார் என்று இல்லை.

நான்தான் அம்மிணி. மூன்று மழைக்காலம், சாயப்பட்டறையில் நைட் ஷிஃப்ட். மேஸ்திரி டார்ச் அடிப்பார். வால்வ் சக்கரம் துருவேறிச் சுற்றாது. சாக்கைச் சுற்றிப் பிடித்துத் திருப்புவேன். மழை இரைச்சலில் தண்ணீர் போவது கேட்காது. விடிந்தால் பாலத்தடியில் கத்தரிப்பூ நிறத்தில் நுரை நிற்கும். கீழே நம் தோட்டம் இருப்பது தெரியாமல் செய்யவில்லை. அப்பாரு கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினார். "எந்த நாசமாப் போனவனோ" என்றார். பக்கத்தில் நின்று நானும் சேர்ந்து திட்டினேன். அந்த மாதச் சம்பளத்தில்தான் உன் ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன். அவர் போகும்வரை சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது என்றும் நான் கேட்கப் போவதில்லை.

நேற்று நீ முன்பு சொன்ன மாதிரி ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் பார்த்தேன். நல்ல தண்ணீரில் இருக்கும் என்று நீ படம் அனுப்பிய மூன்று வால் பூச்சி ஒன்றுகூட இல்லை. சிவப்பு நூல் மாதிரி நெளிகிற புழுதான் இருந்தது. நாலைந்தைப் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன். உங்கம்மா ஃபிரிட்ஜில் வைக்க விடமாட்டேன் என்கிறாள். இதை என்ன செய்வது என்றாவது போன் பண்ணிச் சொல்.

அப்பா