ஞாயிறு பின்னேரம்: பனிச்சிறுத்தை

உறவுகளே, ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு எங்கள் வாசிகசாலையில் பனிச்சிறுத்தை பற்றிக் கதைக்கிறோம். 'பனியே விழாத யாழ்ப்பாணத்தில் இது ஏன்?' என்று ஒருவர் கேட்டார். 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்றார்களே, மறக்கவில்லைத்தானே?

இமயமலைப் பக்கத்து லடாக்கிலும் பனிச்சிறுத்தை மேல் கோபம் இப்படித்தான் கிளம்பும். கூரையில்லாத கல் பட்டிக்குள் இரவில் குதிக்கும் பனிச்சிறுத்தை ஓர் ஆட்டோடு நிற்காது. மிரண்டோடும் ஆடுகளைச் சிலவேளை பத்து இருபதாகக் கடித்துப் போட்டுவிடும். விடிய வந்து பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்? பட்டிக்கு மேலே கம்பிவலை அடித்துக் கதவையும் இறுக்கினால் பாதிச் சண்டை இல்லை.

தோல் வேட்டை, குறையும் மலையாடுகள், சூடேறும் மலை எல்லாம் வாசிகசாலையில் பேசலாம். 2024இல் வெளியான இந்தியாவின் கணக்கெடுப்பில் பனிச்சிறுத்தைகள் மொத்தமே 718தான்.

தேத்தண்ணி உண்டு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.